சுண்ணாம்பு தடவாத கலயம்: புதிய தண்டனைச் சட்டம் வந்தால் அதைப் படிப்பது எப்படி

என் பெரியப்பா பனையேறி. உடன்குடிப் பக்கம், தேரிக்காட்டு ஓரத்தில், பாட்டத்துக்கு எடுத்த நாற்பது சொச்சம் மரங்கள் அவருக்கு. விடிவதற்கு முன் ஒரு தடவை ஏறுவார். பொழுது சாயும்போது இன்னொரு தடவை. இடுப்பில் அரிவாள் பெட்டி, அதற்குள் பாளை சீவும் அரிவாள், பக்கத்தில் கொஞ்சம் சுண்ணாம்பு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பைத் தடவிக் கட்டினால் மறுநாள் இறங்குவது பதநீர். தடவாமல் கட்டினால் கள். மரம் அதேதான், பாளை அதேதான், சீவுகிற கையும் அதேதான். பதநீரைப் பெரியம்மா விடிலி என்ற ஓலைக் குடிசையில் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவார். கள்ளுக்குப் போலீஸ் வரும்.

அந்த அரைக் கரண்டிச் சுண்ணாம்பின் பொருள் அவருடைய ஆயுளில் எத்தனை தடவை மாறியது என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948க்குள் அன்றைய மாகாணம் முழுவதும் பரவிவிட்டது. ஆகவே அவர் மரம் ஏறப் பழகிய காலத்தில் கள் குற்றம். 1971இல் கடைகளைத் திறந்தார்கள். அது தொழில் ஆனது. 1973, 74இல் மூடினார்கள், குற்றம். 1981இல் மறுபடி திறந்தார்கள், தொழில். 1987 ஜனவரி 1 முதல் மறுபடி குற்றம், இன்றுவரை. இத்தனைக்கும் நடுவில் அவர் ஒரு நாள்கூட வேலையை மாற்றிக்கொள்ளவில்லை.

நான் வக்கீல் குமாஸ்தா. 1989இல் தாலுகா ஊர் நீதிமன்ற வளாகத்தில் ஒரு வக்கீலிடம் சேர்ந்தேன். அவர் காலமான பிறகு அவருடைய மகளிடம் இருக்கிறேன். வழக்குக் கட்டு தூக்குவதும் வாய்தா தேதி குறிப்பதும் கட்சிக்காரர்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பதும்தான் என் படிப்பு. செய்தித்தாளில் ஏதாவது கொடுமை வந்தால் அன்று டீக்கடையில் 'இதற்குக் கடுமையான சட்டம் போட வேண்டும்' என்று நான்கு பேராவது சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் போட்ட சட்டம் எங்கள் வளாகத்துக்கு வந்து சேரும்போது எப்படி இருக்கிறது என்பதை முப்பத்தைந்து வருடமாகப் பார்த்துவிட்டதால், புதிதாக ஒரு செயலைக் குற்றமாக்கப் போகிறார்கள் என்றால் நான் அதைப் படிக்கும் முறையே வேறாகிவிட்டது. அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். சட்டப் படிப்பு தேவையில்லை. ஒரு பென்சில் போதும்.

முதலில், குற்றம் என்றால் என்ன என்பதில் குழப்பம் வேண்டாம். தப்பு எல்லாம் குற்றம் இல்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றாதது தப்பு. வாடகை பாக்கி வைத்தால் அது உரிமையியல் வழக்கு. இருவருக்கு நடுவில் உள்ள கணக்கு. குற்றம் என்று சட்டம் சொல்லிவிட்டால், அடிபட்டவருக்குப் பதிலாக அரசே வாதியாக வந்து நிற்கும். காவல் நிலையம், கைது, சிறை என்ற மூன்றும் அந்தச் செயலுக்குப் பின்னால் வரிசையாக வந்து சேரும். ஒரு செயலைக் குற்றமாக்குவது என்றால் யாரோ ஒரு அதிகாரியின் கையில் புதிதாக ஒரு சாவியைக் கொடுப்பது. அந்தச் சாவி யார் வீட்டுக் கதவைத் திறக்கும் என்பதைக் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு பாடு.

முகப்பை விட்டுவிட்டுக் கடைசியிலிருந்து படியுங்கள்

எல்லாச் சட்டத்துக்கும் முகப்பு அழகாக இருக்கும். நோக்கம் என்று இரண்டு பத்தி எழுதியிருப்பார்கள். அதில் குறை காண யாராலும் முடியாது. அதைத் தாண்டி நேராகத் தண்டனைப் பிரிவுக்குப் போங்கள். அங்கே எண்ணைத் தேடுங்கள்.

மூன்று என்ற எண்தான் வாசற்படி. தனிச் சட்டம் ஒன்று, கைதைப் பற்றியும் ஜாமீனைப் பற்றியும் தானாக எதுவும் சொல்லாவிட்டால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கடைசியில் உள்ள அட்டவணையைப் பார்ப்பார்கள். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் பெயர் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா; கணக்கு மாறவில்லை. மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனை என்றால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸ் கைது செய்ய முடியாது; ஜாமீனும் உரிமை. மூன்று ஆண்டைத் தொட்டுவிட்டால் உத்தரவு இல்லாமலே கைது செய்யலாம். ஜாமீன் நீதிபதியின் விருப்பம். 'மூன்று ஆண்டு வரை' என்று எழுதியிருந்தால் எந்தப் பக்கம் என்று நீண்ட நாள் சண்டை இருந்தது. பதிப்புரிமை வழக்கு ஒன்றில் 2022இல் உச்ச நீதிமன்றம் அதுவும் கைதுப் பக்கம்தான் என்று சொல்லிவிட்டது. ஆகவே மசோதாவில் 'இரண்டு ஆண்டு' என்பதை அடித்துவிட்டு 'மூன்று ஆண்டு' என்று மாற்றியிருந்தால், ஒரு வருடம் கூட்டியிருக்கிறார்கள் என்று மட்டும் நினைக்காதீர்கள். காவல் நிலைய வாசலை அகலப்படுத்தியிருக்கிறார்கள்.

அடுத்து இரண்டு சொற்களின் கீழே கோடு போடுங்கள்: 'வரை', 'குறையாத'. 'ஐந்து ஆண்டு வரை' என்றால் நீதிபதி ஆளைப் பார்த்து, சூழலைப் பார்த்து ஒரு மாதமும் கொடுக்கலாம். 'ஐந்து ஆண்டுக்குக் குறையாத' என்றால் அவருடைய கையைக் கட்டிவிட்டார்கள். பத்திரிகைகள் இரண்டையும் 'ஐந்து ஆண்டு சிறை' என்றே போடும்.

பிறகு பெயரடைகளைத் தேடுங்கள். 'அநாகரிகமான', 'சந்தேகத்துக்கு இடமான' என்று அளக்க முடியாத சொல் எங்கே வருகிறதோ அங்கே சட்டத்தைப் பேனாவால் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தடியிடம் கொடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய நடைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு, தன் இருப்பை மறைத்துக்கொள்ள முயல்கிறவரிடம் நன்னடத்தைப் பிணை வாங்கலாம் என்றது. இப்போது அது 128ஆம் பிரிவு. நான் பார்த்த 109ஆம் பிரிவு வழக்குக் கட்டுகளில் பெரும்பாலானவற்றில் ஒரே வாக்கியம்தான் இருக்கும்: போலீசாரைக் கண்டதும் மறைந்து நின்றவரை விசாரிக்க, முன்னுக்குப்பின் முரணாகப் பதில் சொன்னார். ஊர் மாறும், ஆள் மாறும், வாக்கியம் மாறாது. கட்டட வேலைக்கு வந்து பஸ் நிலையத்தில் துண்டை விரித்துப் படுத்திருந்த ஒருவர் என்னிடம் கேட்டார்: "கொசுவுக்காக முகத்தை மூடினேன். அதற்குப் பெயர் மறைந்து நிற்பதா?" நின்றார் என்று எழுதியதுதான் அவருக்குக் கோபம். படுத்துத்தானே இருந்தார்!

செயலைத் தண்டிக்கிறதா, ஆளைத் தண்டிக்கிறதா

இந்தக் கேள்வியில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். 'இன்னது செய்தால்' என்று தொடங்கும் சட்டமும் 'இன்னார்' என்று தொடங்கும் சட்டமும் வேறு வேறு ஜாதி.

ஜாதி என்ற சொல்லை விளையாட்டாக எழுதவில்லை. 1871இல் வெள்ளையர் அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஊரில் அதற்கு ரேகைச் சட்டம் என்று பெயர். குறிப்பிட்ட சாதியில் ஆணாகப் பிறந்தவர் கைரேகை வைக்க வேண்டும். பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் இரவில் ஊரில் இருக்கிறோம் என்று காட்ட வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். இதில் செயல் எங்கே இருக்கிறது? எதுவும் செய்யாத ஒருவர், தங்கை வீட்டுக்குச் சீட்டில்லாமல் போனார் என்றால் அந்தப் போக்குதான் குற்றம். முதலில் ஆளைக் குற்றவாளி என்று எழுதினார்கள். பிறகு அவர் நடப்பதையும் உறங்குவதையும் குற்றமாக்கினார்கள். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். மதுரையில் வக்கீலாக இருந்த ஜார்ஜ் ஜோசப் இந்தச் சட்டத்துக்கு எதிராக வாதாடினார். மக்கள் அவரை ரோசாப்பூ துரை என்று அழைத்தார்கள். எங்கள் தொழிலில் ஒருவருக்கு மக்கள் பூவின் பெயரை வைத்தது அந்த ஒரு தடவைதான் என்று என் பழைய வக்கீல் சொல்வார்.

சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல் நீங்கியது. நாடு முழுவதும் 1952இல். இடையில், 1948இலேயே, வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் என்று இங்கே ஒன்று வந்துவிட்டது. பெயர்ப்பலகையை எடுத்துவிட்டார்கள், பதிவேட்டை வைத்துக்கொண்டார்கள். சட்டம் போனாலும் சொல் போகாது என்பதை நீதிமன்ற வாசலில் தினமும் கேட்கலாம். 'அந்த ஊர்க்காரனா?' என்று ஒரு ஜாமீன்தாரரைக் கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன். கேட்டவருக்கு முப்பது வயதுகூட இருக்காது.

நம் காலத்து உதாரணம் குண்டர் சட்டம். 1982இல் வந்தது. அதன் முழுப் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்: கள்ளச்சாராயக்காரர், போதைப்பொருள் குற்றவாளி, குண்டர், விபச்சாரத் தொழில் குற்றவாளி, குடிசைப் பகுதி நில அபகரிப்பாளர் என்று ஆட்களின் பட்டியல்தான் சட்டத்தின் பெயர். பிறகு வனக் குற்றவாளி சேர்ந்தார், திருட்டு வீடியோக்காரர் சேர்ந்தார், மணல் குற்றவாளி சேர்ந்தார், இணையக் குற்றவாளி சேர்ந்தார், பாலியல் குற்றவாளியும் சேர்ந்தார். பெயர் நீண்டுகொண்டே போகிறது. விசாரணை இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். அந்தப் பட்டியலில் சிலரைப் பார்த்தால் எனக்கும் அனுதாபம் வராது. ஆனாலும், பட்டியலில் ஒரு பெயரைச் சேர்ப்பது எவ்வளவு சுலபம் என்பதையும், எடுத்த பெயர் எதுவும் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

யார் புகார் கொடுக்கலாம், யாருக்கு விலக்கு

சட்டம் யாரை அடிபட்டவராக நினைக்கிறது என்பது புகார் கொடுக்கும் உரிமையில் வெளிப்பட்டுவிடும். பழைய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். பிறர் மனைவியோடு உறவு கொண்ட ஆணுக்கு ஐந்து ஆண்டு வரை சிறை. புகார் கொடுக்க உரியவர் அந்தப் பெண்ணின் கணவர். அவர் சம்மதித்திருந்தால் குற்றமே இல்லை. தன் கணவன் வேறொருத்தியிடம் போனதற்கு மனைவி இந்தப் பிரிவில் புகார் கொடுக்க முடியாது. ஒழுக்கத்தைக் காப்பாற்றும் சட்டம் என்று மேடையில் சொன்னார்கள்; உள்ளே படித்தால் பட்டா நிலத்தில் அத்துமீறிய கதைதான். 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. அன்று மாலை எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒருவர் 'இனிமேல் எதற்கும் கேள்வி இல்லையாமே' என்றார். இருக்கிறது. விவாகரத்துக்கு அது இன்றும் காரணம்தான். குற்றம் இல்லை என்றால் சரி என்று அரசு முத்திரை குத்தியதாக ஆகாது. சிறைச் சாவியை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

விலக்குப் பிரிவை யாரும் படிப்பதில்லை, நான் விடுவதில்லை. மதுவிலக்குக் காலத்தில் பர்மிட் என்று ஒன்று இருந்தது. உடல்நிலை காரணமாக மது தேவை என்று மருத்துவச் சான்று காட்டினால் வாங்கிக் குடிக்கலாம். பெரியப்பாவின் கூட்டாளிகள் எவருக்கும் அப்படி ஒரு நோய் வந்ததாக எனக்கு நினைவில்லை.

கூடவே, கஜானாவையும் பாருங்கள். மதுவிலக்கினால் வருமானம் குறையும் என்று அன்றைய மாகாண அரசு மாற்று வழி தேடியது. 1939இல் பொது விற்பனை வரி வந்தது. நாட்டிலேயே அதுதான் முதல். கள்ளைக் குற்றமாக்கியதன் பில், கள்ளையே பார்க்காதவர் வாங்கிய துணியில் வந்து சேர்ந்தது. நல்லதா கெட்டதா என்பது வேறு விஷயம். எங்கோ இழுத்த கயிறு எங்கோ அசைக்கும்.

ஜாமீனுக்கு நடந்து பாருங்கள்

தண்டனையை விட்டுவிடுங்கள். தண்டனைக்கு முன்னால் நடப்பதுதான் பெரும்பாலான வீடுகளுக்குத் தண்டனை. அதைக் கணக்குப் போடப் பழகுங்கள். ஒரு தடவை போட்டுக் காட்டுகிறேன்.

அறுபதைத் தாண்டிய ஒரு அம்மாள். காந்தி ஜெயந்தி அன்று மதுக்கடைக்கு விடுமுறை. முந்தின நாள் வாங்கி வைத்த பாட்டில்களை வீட்டுப் பின்புறம் கூடுதல் விலைக்கு விற்றார். கையும் களவுமாகப் பிடித்தார்கள். அரசே விற்ற பாட்டில். நேற்று வாங்கினால் வியாபாரம், இன்று விற்றால் குற்றம். செய்தார், மறுக்கவில்லை. மாலையில் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தி, மகளிர் சிறைக்கு அனுப்பினார்கள்.

மறுநாள் மகன் வந்தார், கொத்தனார், நாளுக்கு 900 ரூபாய். ஜாமீன் மனு போட்டோம். இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும். சொந்த வீடு உள்ளவராக இருக்க வேண்டும். வீட்டு வரி ரசீது, ஆதார், குடும்ப அட்டை, போட்டோ. சொந்தத்தில் வீடு உள்ள இரண்டு பேர் கிடைப்பதற்கே நான்கு நாள். ஒருவருடைய ரசீதில் இன்னும் அப்பா பெயர், திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்தவர்களுக்கு அன்றைய கூலி, ஆட்டோ, சாப்பாடு. சிறைக்கு உத்தரவு போய்ச் சேர்வதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டதால் இன்னொரு இரவு. வெளியே வந்த பிறகு காவல் நிலையத்தில் தினமும் காலை பத்து மணிக்குக் கையெழுத்து, பதினைந்து நாள். அம்மாளுக்குக் கண் சரியாகத் தெரியாது. மகன் கூட்டிப்போனார், பதினைந்து நாளும் பாதி நாள் வேலை போயிற்று. கடைசியில் எட்டு வாய்தா தாண்டிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார்கள். 1,000 ரூபாய். அதைக் கட்டும் நாள்வரை ஆன செலவை மகன் ஒரு டைரியில் எழுதி வைத்திருந்தார். கூலி இழப்பையும் சேர்த்து 23,000 சொச்சம். சட்டப் புத்தகத்தில் இந்த 23,000 எங்கும் இல்லை.

புதுச் சட்டம் எதைப் படித்தாலும் இந்த நடையை உங்கள் தெருவில் இருக்கும் மிக ஏழையான ஒருவரை வைத்து மனதுக்குள் நடந்து பாருங்கள். பிறகு, மிகப் பெரிய வீட்டுக்காரரை வைத்தும் ஒருமுறை. இரண்டு நடைக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தச் சட்டம்.

அந்தப் பழக்கம் எங்கே போய் ஒளியும்

குற்றமாக்கினால் பழக்கம் நின்றுவிடும் என்று நம்புகிறோம். சில நேரம் குறையும். சட்டத்தைப் பார்த்துப் பயந்து அடங்கிய கை எத்தனையோ உண்டு, அதை மறுக்க மாட்டேன். பெண்டாட்டியை அடிப்பது குடும்ப விஷயம் என்ற பேச்சைக் குறைத்ததில், மனைவியைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கிய பழைய 498ஏ பிரிவுக்குப் பங்கு உண்டு. ஆனால் நிற்காத பழக்கம் இடம் மாறும். இடம் மாறினால் ஆபத்தும் மாறும்.

1987க்குப் பிறகு கள்ளும் இல்லை, 1990, 91இல் கொஞ்ச காலம் தவிர உரிமம் பெற்ற சாராயமும் இல்லை. குடி நின்றதா? பெரியப்பா ஊரில் கள் குடித்தவர்கள் பாட்டிலுக்குப் போனார்கள். பாட்டிலுக்குக் காசு போதாதவர்கள் கள்ளச்சாராயப் பொட்டலத்துக்குப் போனார்கள். மரத்துக் கள்ளில் என்ன இருக்கிறது என்று குடிப்பவருக்குத் தெரியும். ஏறியவர் முகமும் தெரியும். பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. 2023 மே மாதம் மரக்காணத்தில், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில், மெத்தனால் கலந்ததைக் குடித்துச் செத்தார்கள்; கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல். உடனே சட்டத்தைத் திருத்தி, சாவு நேர்ந்தால் ஆயுள் சிறை, 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம் என்று ஏற்றினார்கள். 'குறையாத' என்ற சொல்லைக் கவனித்தீர்களா? கேரளத்திலும் புதுச்சேரியிலும் கள்ளுக்கடை திறந்தே இருக்கிறது. கள்ளைத் திறந்தால் விஷச் சாராயம் ஒழியும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். எந்தக் கதவை மூடினால் எந்தச் சந்து திறக்கும் என்று கேட்காமல் மூடக் கூடாது, அவ்வளவுதான்.

இடம் மாறுவது சில நேரம் மௌனத்துக்குள். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை என்றது பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு. நடைமுறையில் அதற்காகச் சிறை போனவரை நான் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் ஆஸ்பத்திரிச் சீட்டில் 'தவறுதலாக' என்ற ஒரு சொல். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த தாய், டாக்டரிடம் முதலில் பொய் சொல்வாள், போலீஸ் வந்துவிடும் என்ற பயத்தில். ஏன் செய்தாய் என்று கேட்டு உதவ வேண்டிய இடத்தில், தவறுதலாகத்தான் என்று எல்லோரும் ஒத்துப் பேசிக் கதவைச் சாத்திவிடுவார்கள். 2017இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்று கருத வேண்டும் என்றது. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024இல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 309 இல்லை. அரசு ஊழியரைக் கடமை செய்யக் கட்டாயப்படுத்தவோ தடுக்கவோ தற்கொலைக்கு முயன்றால் மட்டும் 226ஆம் பிரிவில் இன்னும் குற்றம். கலெக்டர் அலுவலக வாசலில் மனுவோடு வருகிறவர்களை நினைத்து எழுதியது என்று நினைக்கிறேன். 309 போனது தெரியாமல் இன்றும் 'தவறுதலாக' என்றே எழுதச் சொல்கிறார்கள்.

காசோலை: கடனைக் குற்றமாக்கினால் என்ன ஆகும்

நான் வேலைக்குச் சேர்ந்த 1989 ஏப்ரல் மாதம்தான், காசோலை பணமில்லாமல் திரும்பினால் குற்றம் என்ற 138ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்தது. அதுவரை அது வெறும் கடன் வழக்கு. என் அரிசியே அந்தப் பிரிவில்தான் என்பதால் இதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு உண்டு. முதலில் ஓராண்டு வரை சிறை. 2002இல் இரண்டு ஆண்டு ஆக்கினார்கள். வங்கி திருப்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் கட்டலாம், கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

காசோலைக்கு மதிப்பு வர வேண்டும், வியாபாரம் நடக்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டது யார்? வட்டிக்காரர்கள். முன்பு பாண்டுப் பத்திரம் வாங்கியவர்கள் இப்போது கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுக் காசோலை வாங்குகிறார்கள், இரண்டு, மூன்று என்று. 40,000 வாங்கிய மளிகைக் கடைக்காரர் ஒருவர், வட்டியே அதற்கு மேல் கட்டிய பிறகு, நான்கு லட்சத்துக்கு நோட்டீஸ் வாங்கினார். தொகை எழுதிய மை வேறு, கையெழுத்து மை வேறு. அவர் கையில் அதைப் பிடித்துக்கொண்டு வெயிலில் திருப்பித் திருப்பிக் காட்டினார். "பாருங்கள் ஐயா, இது நீலம், இது கறுப்பு." எனக்குத் தெரிகிறது. ஆனால் கூண்டில் முதல் கேள்வி 'கையெழுத்து உங்களுடையதா?' என்பதுதான். ஆம் என்றால், கடன் இருந்தது என்று சட்டம் கருதிக்கொள்ளும். இல்லை என்று அவர்தான் காட்ட வேண்டும். வெற்றுக் காசோலையாகக் கொடுத்திருந்தாலும் அப்படித்தான் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் பென்சிலால் இன்னொரு குறி போடுங்கள்: யார் நிரூபிக்க வேண்டும்? 'வேறுவிதமாக மெய்ப்பிக்கப்படும் வரை' என்ற தொடர் எங்கே வந்தாலும், சுமை தலை மாறியிருக்கிறது.

2019 முடிவில் நாட்டில் நிலுவையில் இருந்த 2 கோடியே 31 லட்சம் குற்ற வழக்குகளில் 35 லட்சத்துக்கு மேல் இந்த ஒரு பிரிவு. உச்ச நீதிமன்றமே கணக்கு சொல்லிக் கவலைப்பட்டது. ஓநாய்த் தோல் போர்த்திய ஆடு என்ற பொருளில் அதை வர்ணித்ததும் அதே நீதிமன்றம்தான். 2014 ஆகஸ்டில் எந்த ஊர் நீதிமன்றத்தில் போட வேண்டும் என்று ஒரு தீர்ப்பு வந்தது. கட்டுகளை மூட்டை மூட்டையாகத் திருப்பி வாங்கினோம். மறு வருடமே அவசரச் சட்டம் போட்டு மாற்றினார்கள். மூட்டைகள் திரும்பி வந்தன. கத்திக்குத்துக் கட்டும், வழிப்பறிக் கட்டும் இந்த மூட்டைகளுக்கு அடியில் வாய்தாவுக்குக் காத்திருந்தன. புதுக் குற்றம் ஒன்றைச் சேர்க்கும்போது வரிசையில் யாரைப் பின்னால் தள்ளுகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. கேளுங்கள்.

இப்போது காற்று எதிர்ப்பக்கமும் அடிக்கிறது. 2023இல் ஜன் விஸ்வாஸ் என்ற சட்டம் 42 மத்தியச் சட்டங்களில் 183 பிரிவுகளைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது அல்லது இலேசாக்கியது. பெரும்பாலும் தொழில், வியாபாரம் செய்கிறவர்கள் தொடர்பானவை. சிறைக்குப் பதில் அபராதம், அதையும் பல இடங்களில் அதிகாரியே விதிக்கலாம். நீக்கும் சட்டத்தையும் இதே பென்சிலோடு படியுங்கள்: யாருக்காக நீக்கினார்கள், சாவி யார் கைக்குப் போயிற்று என்று. பாட்டில் விற்ற அம்மாளின் பிரிவு அந்த 183இல் இல்லை. அது மாநிலச் சட்டம், அதனால் இருக்கவும் முடியாது. ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

எங்கே கிடைக்கும் இதெல்லாம் என்றால், சட்டமன்றத்தில் வைத்த மசோதாவும் அரசிதழும் தமிழிலேயே கிடைக்கும். கைப்பேசியில் படிக்காமல் அச்செடுங்கள். எனக்கு ஒரு பக்கம் இரண்டு ரூபாய். படித்த பிறகு, திங்கட்கிழமை காலை பத்தரைக்கு உங்கள் ஊர் நீதித்துறை நடுவர் மன்றத்துக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். திறந்த நீதிமன்றம், யாரும் தடுக்கக் கூடாது. சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டுக்கொண்டு வரிசையில் நிற்பவர்களைப் பாருங்கள். செருப்பை வெளியே கழற்றி வைத்திருப்பார்கள், அப்படி ஒரு விதியே இல்லாவிட்டாலும். அந்தச் செருப்புகளையும் பாருங்கள்.

பெரியப்பா மேல் கடைசியாக ஒரு வழக்கு 1994இல். கள் இறக்கினார் என்று. உண்மையில் அன்று மேகமூட்டம், சுண்ணாம்பு மட்டமானது, பதநீர் கலயத்திலேயே புளித்துவிட்டது. பனையேறிகளுக்கு இது எப்போதாவது நடக்கும். என் வக்கீல்தான் ஆஜரானார். கலயத்தைச் சான்றுப் பொருளாகக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தபோது நீதிபதி உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். விரலில் வெள்ளையாக ஒட்டியது. அவர் அதைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே, இது எப்போது தடவியது என்று அரசு வக்கீலைக் கேட்டார். பதில் சொல்ல இரண்டு வாரம் வாய்தா கேட்டார்கள்.

கலயம் திரும்பக் கிடைக்கவில்லை.